அடித்த கோடும் கிழித்த தாளும்

2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு மாலை. நான் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்துவந்த ஒரு பதிப்பகம் தன் மின்னஞ்சல் சர்வரை வேறிடத்துக்கு மாற்றியிருந்தது. முகவரி அதேதான், கடவுச்சொல்லும் அதேதான், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று காலையிலேயே தகவல் வந்திருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் லேப்டாப்பைத் திறந்தேன். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் வழக்கம்போலச் சர்வரோடு பேசத் தொடங்கியது. இடப்பக்கத்தில் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் எதிரே இருந்த எண்கள் என் கண்முன்னே இறங்கின. பத்து விநாடி இருக்கும். ஒன்பது ஆண்டுக் கடிதங்கள் இல்லாமல் போயின.

மென்பொருளில் பழுது எதுவும் இல்லை. புதிய சர்வரில் என் பெட்டி காலியாக இருந்தது. ஆகவே லேப்டாப்பிலும் அதைக் காலியாக்கியது. இரண்டு இடமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு நான் இட்டிருந்த கட்டளை.

பக்கத்து அறையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. மூன்று வாரமாக அதைப் போடவில்லை. முதலில் அதன் பின்னால் கையை விட்டு நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். கடைசி மூன்று வாரம் நீங்கலாக எல்லாம் அதில் அப்படியே இருந்தன. ஃபோல்டர் ஃபோல்டராக, சர்வரோடு தொடர்பில்லாத உள்ளூர்ப் பெட்டிக்கு நகலெடுத்து முடிக்கையில் மணி பன்னிரண்டு. இத்தனை நாள் நான் நம்பியிருந்த ஒத்திசைவு கைவிட்ட இடத்தில், ஒத்திசையாமல் கிடந்த ஒரு கணினி கைகொடுத்தது. இந்த முறையின் பலத்தையும் பலவீனத்தையும் அன்றுதான் முதல்முறையாகச் சேர்த்துவைத்து யோசித்தேன்.

ஒரு மின்னஞ்சலைக் கணினி விட்டுக் கணினிக்குக் கொண்டுபோவது பெரிய வித்தை அல்ல. வந்து சேர்ந்த கடிதம் அதற்குப் பிறகு மாறுவதில்லை. அனுப்பியவர் பெயர், தேதி, உடல், இணைப்பு எல்லாம் கல்வெட்டு மாதிரி நின்றுவிடுகின்றன. மாறாத ஒன்றைப் படியெடுக்க ஒரு பென் டிரைவ் போதும். மாறிக்கொண்டே இருப்பது, அந்தக் கடிதத்தை நாம் என்ன செய்தோம் என்பதுதான். படித்தோமா, பதில் எழுதினோமா, முக்கியம் என்று கொடியிட்டோமா, எந்த ஃபோல்டருக்குத் தள்ளினோம், அழித்தோமா. காலையில் அலுவலகக் கணினியில் ஒன்று செய்கிறோம், மதியம் கைப்பேசியில் இன்னொன்று, இரவு வீட்டில் மற்றொன்று. இந்த மூன்றையும் ஒரே கணக்கில் கொண்டுவருவதில்தான் சிக்கல் முழுவதும் இருக்கிறது. மெயிலை மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், கடிதங்களை மட்டுமா, செய்தவற்றையும் சேர்த்தா என்று முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம் மொய் நோட்டு எழுதும் வழக்கம் உண்டு. பெரியப்பா வீட்டில் ஒரு படி, எங்கள் வீட்டில் ஒரு படி என்று ஒரே கணக்கு இரண்டு நோட்டில் இருக்கும். ஒருநாள் இரண்டையும் ஒப்பிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியப்பா நோட்டில் ஒரு பெயர் இருக்கிறது, எங்கள் நோட்டில் இல்லை. என்ன பொருள்? அவர் புதிதாக எழுதி, நாங்கள் இன்னும் எழுதாமல் இருக்கலாம். அல்லது திருப்பிச் செய்து முடித்தாயிற்று என்று நாங்கள் நீக்கி, அவர் இன்னும் நீக்காமல் இருக்கலாம். இரண்டு நோட்டை மட்டும் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. இல்லாமைக்கு இரண்டு பொருள் உண்டு. எது என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று வேண்டும்: போன பொங்கலுக்கு ஒப்பிட்டபோது இரண்டிலும் என்னென்ன இருந்தன என்ற நினைவு. அப்போது அந்தப் பெயர் இரண்டிலும் இருந்ததென்றால் நாங்கள் நீக்கியிருக்கிறோம். இரண்டிலும் இல்லையென்றால் அவர் சேர்த்திருக்கிறார். பெயர்மேல் கோடு அடித்து வைத்திருந்தால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை. தாளைக் கிழித்துவிட்டால்தான் திண்டாட்டம்.

மின்னஞ்சல் ஒத்திசைவின் வரலாறே இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் கிடைத்த பதில்களின் வரலாறு என்பது என் எண்ணம்.

முதல் பதில், கேள்வியையே எழவிடாமல் செய்தது. பாப் என்னும் நெறிமுறை 1984இல் வந்தது. இன்றும் வழக்கில் உள்ள அதன் மூன்றாம் வடிவம் 1988இல் வந்து, 1996இல் நிலைபெற்றது. சர்வர் என்பது தபால் ஆபீஸ், கணினி என்பது வீடு. தபாலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்பது அதன் கொள்கை. எடுத்ததும் ஆபீஸில் அது இருக்காது. ஒரு வீடு மட்டும் இருந்தவரை இதில் குறையே இல்லை. கடிதம் உங்கள் கையில், உங்கள் வட்டில், முழுமையாக. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜிபி இடத்தோடு வரும்வரை ஹாட்மெயில் 2 எம்பி, யாஹூ 4 எம்பி என்று அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பெட்டி நிரம்பிவிடும் என்ற பயத்திலேயே கடிதங்களை இறக்கிக்கொண்டு வந்தோம்.

இரண்டாவது கணினி வந்ததும் பாப் நொண்டியடித்தது. சர்வரில் ஒரு நகலை விட்டுவை என்று ஒரு ஏற்பாடு உண்டு. அதில் டிக் போட்டால் இரண்டு கணினியிலும் கடிதம் இறங்கும். ஆனால் பாப்புக்கு ஃபோல்டர் தெரியாது; படித்தது, பதில் எழுதியது என்ற குறிகள் தெரியாது. வீட்டில் படித்து முடித்த நாற்பது கடிதங்கள் அலுவலகத்தில் மறுபடியும் தடித்த எழுத்தில் வந்து நிற்கும். அதைவிடக் கொடுமை, நாம் அனுப்பிய கடிதங்கள். அவை எந்தக் கணினியில் எழுதினோமோ அங்கேயே தங்கிவிடும். ஒரு பேச்சின் கேள்விகள் எல்லாக் கணினியிலும் இருக்க, பதில்கள் ஆளுக்கொரு மூலையில் சிதறிக் கிடந்தன. 2001 முதல் 2007 வரை நான் எழுதிய பதில்களில் பாதிக்கு மேல் இன்று என்னிடம் இல்லை. வந்த கடிதங்களோ அநேகமாக எல்லாம் இருக்கின்றன.

இரண்டாவது பதில் 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் என்பவரிடமிருந்து வந்தது. ஐமேப். ஜெராக்ஸ் லிஸ்ப் கணினி ஒன்றில் இருந்தபடி, டாப்ஸ்-20 இயங்குதளத்தில் ஓடிய சர்வரில் உள்ள கடிதங்களைப் படிக்க அவர் வகுத்த வழி அது. கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும், கணினி அங்கே எட்டிப் பார்க்கட்டும் என்பது அடிப்படை. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு நிலையான எண்; அதோடு படித்தது, பதில் எழுதியது, கொடியிட்டது, வரைவு, அழிக்கக் குறித்தது என்று ஐந்து குறிகள். எல்லாம் சர்வரில். எந்தக் கணினியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் ஒரே காட்சி. இன்று கைப்பேசியில் படித்த கடிதம் வீட்டுக் கணினியில் படித்ததாகக் காட்டுகிறது என்றால், நாற்பதாண்டுக்கு முந்தைய அந்த யோசனைக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம். 2012 இறுதியில் அவர் மறைந்தபோது அவர் பெயரைக் கேள்விப்படாத கோடிக்கணக்கானோர் அவர் வகுத்த வழியில் தபால் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐமேப்பில் அழிப்பு இரண்டு படியாக நடக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முதலில் கடிதத்தின்மேல் அழிக்கக் குறித்தது என்ற குறி விழும். அது கோடு அடிப்பது. கடிதம் அப்போதும் இருக்கும். குறியை எடுத்துவிட்டால் திரும்பிவிடும். பிறகு எக்ஸ்பஞ்ச் என்ற கட்டளை வரும்போதுதான் தாள் கிழிகிறது. மனிதக் கை தவறும் என்று தெரிந்த ஒருவர் வடிவமைத்தது இது. பின்னாளில் வந்த மென்பொருள்கள் இந்த இரண்டு படியையும் ஒரே பொத்தானுக்குள் வைத்துத் தைத்துவிட்டன என்பது என் வருத்தம். குப்பைத்தொட்டி ஃபோல்டர் அந்த வேலையைச் செய்கிறதே என்பார்கள். பாதிதான் செய்கிறது: ஜிமெயிலின் தொட்டியில் 30 நாள் கழிந்தால் கடிதம் தானாகவே போய்விடும்.

சரி, தாள் கிழிந்த பிறகு? அலுவலகக் கணினி ஒரு கடிதத்தைக் கிழித்துவிட்டது. வீட்டுக் கணினி இரவு வந்து பார்க்கிறது. தன்னிடம் உள்ள எண் சர்வரில் இல்லை. மொய் நோட்டின் அதே கேள்வி. இங்கே ஐமேப் தரும் பதில் மிக எளியது: சர்வர் சொல்வதே கணக்கு. சர்வரில் இல்லையென்றால் அழிந்தது என்றே பொருள், உன்னிடம் இருப்பதையும் நீக்கு. ஒரு வீட்டு நோட்டை மூல நோட்டாக்கி, மற்றதை அதன் நிழலாக்கிவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. பல கோடிக் கணினிகளும் கைப்பேசிகளும் தினமும் சண்டையில்லாமல் ஒத்துப்போவது இந்த ஒற்றை விதியால்தான். அதற்கு நாம் கொடுத்த விலையும் இந்த விதிதான். நம் வட்டில், நம் மின்சாரத்தில், நம் கண்ணெதிரே இருக்கும் ஒரு கடிதத்தைப் பற்றி, இது என்னிடம் இருக்கிறது என்று சொல்லும் அதிகாரம் நம் கணினிக்கு இல்லை.

அந்த ஆவணி மாலையில் நடந்ததும் இதுவே. ஒவ்வொரு ஃபோல்டருக்கும் சர்வர் ஒரு அடையாள எண் வைத்திருக்கிறது. அது மாறினால், இதுவரை நீ அறிந்த கடித எண்கள் எவையும் இனிச் செல்லாது என்று பொருள். அப்போது பழைய நகலைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும் என்பது விதி. எண் ஒன்றுதானே என்று வேறொரு கடிதத்தின் குறிகளைத் தவறான கடிதத்தின்மேல் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்த, நியாயமான விதி. மூல நோட்டு நல்ல நோட்டு என்ற நம்பிக்கையில் அது நிற்கிறது. மூல நோட்டையே ஒருவர் புதிதாக வாங்கிவந்து வைத்துவிட்டால் அந்த நம்பிக்கைக்கு அடியில் ஒன்றும் இல்லை. மென்பொருள் அன்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பல ஆயிரம் கடிதங்கள் ஒரே நேரத்தில் போகப்போகின்றன, சம்மதமா என்று. நாள்தோறும் ஐந்து பத்து அழிப்பதும், ஒரே மூச்சில் எல்லாம் அழிவதும் ஒன்றல்ல என்று ஒரு மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரியும். தினமும் நூறு ரூபாய் குறைந்தால் எழுதிக்கொள்வார்; ஒருநாள் கல்லாவே காலியென்றால் முதலாளியைக் கூப்பிடுவார்.

இந்த இடத்தில் 2011 பிப்ரவரியில் ஜிமெயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சேமிப்பு மென்பொருளில் செய்த ஒரு மாற்றத்தில் இருந்த பிழையால் சிலருடைய பெட்டிகள் காலியாகத் தெரிந்தன. பயனர்களில் 0.02 சதவீதம் பேர் என்று கூகுள் சொன்னது. ஒவ்வொரு கடிதத்துக்கும் பல தரவு மையங்களில் படிகள் வைத்திருக்கும் நிறுவனம் அது. ஆனால் பிழை அந்தப் படிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் கடிதங்கள் மீண்டது காந்த நாடாவிலிருந்து. நாடா இணைப்பில் இல்லை. அதனால் மென்பொருளின் பிழை அதை எட்டவில்லை. அத்தனை பெரிய தபால் பெட்டிக்கும் என் பக்கத்து அறை டெஸ்க்டாப்புக்கும் அந்த ஒரு விஷயத்தில் வேறுபாடு இல்லை. பின்தங்கிய படிதான் பயன்பட்டது. ஒத்திசைவு எவ்வளவு வேகமாகிறதோ அவ்வளவு வேகமாகத் தவறும் பரவுகிறது. 1997இல் ஐமேப்புக்கு வந்த ஐடில் என்ற சேர்க்கையால் சர்வரில் நடப்பது உடனுக்குடன் கணினிக்குத் தெரிகிறது. புதுக் கடிதத்துக்கு அது வரம். தவறான அழிப்புக்கும் அதே வேகம்.

கோப்புகளையே தூக்கிக்கொண்டு போய்விடலாமே என்று இன்னொரு வழியைப் பலர் பிடிக்கிறார்கள். இதை நான் சில ஆண்டுகள் செய்தேன். யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் ஏன் கூடாது என்பது தெரிய வேண்டும். தண்டர்பேர்டு வழக்கமாகக் கையாளும் எம்பாக்ஸ் என்ற வடிவத்தில் ஒரு ஃபோல்டரின் கடிதங்கள் எல்லாம் ஒரே கோப்பில் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்திருக்கும். அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பு அதற்கும் ஒரு படி மேல். எல்லா ஃபோல்டரும் சேர்ந்து ஒரே கோப்பு. அதன் பழைய வடிவம் 2 ஜிபியைத் தொட்டதும் திறக்காமல் போய், ஆயிரக்கணக்கான அலுவலகங்களைப் பதறவைத்தது. 2003இல் வந்த புதிய வடிவம் அந்தத் தடையை நீக்கியது. இப்படிப்பட்ட கோப்பை டிராப்பாக்ஸ் போன்ற ஒரு ஃபோல்டரில் வைத்து இரண்டு கணினியிலும் திறந்தால் என்ன ஆகும்? ஒரு கடிதத்தைப் படித்ததாகக் குறித்தாலும் கோப்பு முழுவதும் மாறியதாகக் கணக்கு. இரண்டு கணினியிலும் ஆளுக்கொரு கடிதத்தைத் தொட்டிருந்தால் மோதல். ஒத்திசைக்கும் மென்பொருள் ஒரு கோப்பை வைத்துக்கொண்டு, மற்றதை முரண்பட்ட நகல் என்று பெயரிட்டு ஓரமாக வைக்கும். உள்ளே எந்தக் கடிதம் வேறுபடுகிறது என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை. நமக்குக் கடிதம் ஒரு பொருள். அதற்குக் கோப்பு ஒரு பொருள். எடைக்கல் வேறு, சரக்கு வேறு.

டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் கியூமெயில் மென்பொருளுக்காக உருவாக்கிய மெயில்டிர் என்ற வடிவம் இந்த இடத்தில் புத்திசாலித்தனமானது. ஒரு கடிதம், ஒரு கோப்பு. படித்தது, பதில் எழுதியது என்ற குறிகள் கோப்பின் பெயரிலேயே ஒட்டியிருக்கும். ஒரு கடிதம் கெட்டால் அது மட்டுமே கெடும். ஆனாலும் வெறும் கோப்பு ஒத்திசைவுக்கு இதுவும் முழுதாக வசப்படாது. குறி மாறும்போது பெயர் மாறுகிறது. பெயர் மாறினால் பழையது போய்ப் புதியது வந்ததாகத்தான் பொதுவான மென்பொருள் நினைக்கும். ஒரு கணினியில் கொடியிட்டு, இன்னொன்றில் பதில் எழுதினால் அதே கடிதம் இரட்டைப் பிள்ளையாகிவிடும்.

சர்வருக்குச் சர்வர் மாற்றும்போதும் இப்படிச் சின்னச் சின்ன இழப்புகள் உண்டு. கணக்கு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் இழுத்துப் போடுகிறோம். வந்து சேர்ந்த தேதியை உடன் அனுப்பாத மென்பொருளாக இருந்தால், பத்தாண்டுக் கடிதங்களும் இன்று வந்தவையாகப் புதிய பெட்டியில் வரிசை கட்டும். ஐமேப்சிங்க் போன்ற தனிக் கருவிகள் தேதியையும் குறிகளையும் சேர்த்துக் கொண்டுபோகின்றன. தலைப்பில் உள்ள செய்தி அடையாளத்தை ஒப்பிட்டு, முன்பே போன கடிதத்தை மறுபடி ஏற்றாமல் பார்த்துக்கொள்கின்றன. பாதியில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஜிமெயிலோடு பழகும்போது வேறு கவனம் வேண்டும். அங்கே உண்மையில் ஃபோல்டர் கிடையாது, லேபிள்தான். ஒரு கடிதத்துக்கு இரண்டு லேபிள் இருந்தால் ஐமேப் வழியே பார்க்கும் கணினிக்கு இரண்டு ஃபோல்டரில் இரண்டு கடிதமாகத் தெரியும். எல்லா மெயிலும் என்ற பட்டியலில் மூன்றாவது. அழி என்று நீங்கள் சொல்வது, அமைப்பைப் பொறுத்து, லேபிளைக் கழற்று என்று மட்டுமே அங்கே பொருள்படலாம். அளவுக்கும் வரம்பு உண்டு. ஐமேப் வழியே ஒரு நாளைக்கு இறக்க 2,500 எம்பி, ஏற்ற 500 எம்பி என்று கூகுள் தன் நிறுவனக் கணக்குகளுக்கு வகுத்திருக்கிறது. 15 ஜிபி கடிதங்களை இறக்க ஆறு நாள், ஏற்ற முப்பது நாள். வீடு மாற்றும் தேதியைக் குறிக்கும் முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

தமிழில் எழுதியவர்களுக்கு மட்டுமே உரிய ஓர் இழப்பும் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன், டிஸ்கி, 1999இல் சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த டாப், டாம் என்று பல குறியேற்றங்களில் எழுதினோம். எந்தக் குறியேற்றம் என்பதைக் கடிதத்தின் தலைப்பு பெரும்பாலும் சொல்லாது. படிப்பவர் கணினியில் சரியான எழுத்துரு இருந்ததால் படிக்க முடிந்தது. கடிதத்தை ஒரு பைட் குறையாமல் புதிய கணினிக்குக் கொண்டுவந்துவிட்டோம், எழுத்துருவைக் கொண்டுவரவில்லை. திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளின் கோலம். ஒத்திசைவுக் கருவிகள் எல்லாம் வெற்றி என்று அறிவிக்கும், ஒப்பிட்டால் பைட்டுக்குப் பைட் சரியாக இருக்கும், ஆனால் படிக்க முடியாது. பொங்குதமிழ் போன்ற மாற்றிகளில் ஒட்டி ஒவ்வொன்றாக மீட்கலாம், அது எந்தக் குறியேற்றம் என்று ஊகிக்கத் தெரிந்தால். ஊகிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அந்தக் கடிதங்களை யூனிகோடில் ஒரு படி எடுத்து, மூலத்தின் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும்.

இல்லாமையின் பொருளைத் தீர்மானிக்க ஐமேப்பைவிட நுட்பமான பதில்கள் பிறகு வந்தன. ஆஃப்லைன்ஐமேப், எம்பிசிங்க் போன்ற கருவிகள் சர்வரை மட்டும் நம்பாமல், கடைசியாக ஒப்பிட்டபோது இரண்டு பக்கமும் என்ன இருந்தது என்ற குறிப்பைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. போன பொங்கல் கணக்கு அதுதான். அதனால் இரண்டு பக்கமும் சொல்வதைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. நான் மேலே சொன்ன அடையாள எண் மாறிவிட்டால் எம்பிசிங்க் எதையும் அழிக்காமல், பிழை என்று சொல்லி நின்றுவிடும். அந்த நின்றுவிடும் குணத்துக்காகவே அதை மதிக்கிறேன். சர்வர் பக்கத்திலும் மாற்றம் வந்தது. 2008இல் வரையறுத்த ஒரு சேர்க்கை, நீ போன முறை வந்ததற்குப் பிறகு மறைந்தவை இவை என்று வெளிப்படையாகப் பட்டியல் தருகிறது. அந்தப் பதிலுக்கு வேனிஷ்டு என்றே பெயர். 2019இல் வந்த ஜேமேப் நெறிமுறை இதையே அடிப்படையாக்கிக்கொண்டு, சேர்ந்தவை, மாறியவை, அழிந்தவை என்று மூன்று பட்டியல் கொடுக்கிறது. கிழித்த தாளுக்கும் ஓர் அடிக்கட்டை வைக்கும் ஏற்பாடு. நல்ல முன்னேற்றம். ஆனால் அதிகாரம் இருக்கும் இடம் மாறவில்லை. நினைவும் இப்போது சர்வருடையது.

அந்த அதிகாரம் இந்தப் பத்தாண்டில் இன்னும் இறுகியிருக்கிறது. 2022 மே இறுதியிலிருந்து வெறும் கடவுச்சொல்லை வைத்து உள்ளே வரும் பழைய மென்பொருள்களைத் தனிநபர் ஜிமெயில் கணக்குகளுக்குள் கூகுள் விடுவதில்லை. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனால் பழைய கணினிகள் பல ஒரே நாளில் தபால் பெட்டிக்கு வெளியே நின்றன. 2023 டிசம்பர் முதல், இரண்டாண்டு பயன்படுத்தாத கூகுள் கணக்குகள் அழிக்கப்படலாம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. இறந்துபோன தந்தையின் கணக்கு என்றாலும் அது பயன்படுத்தாத கணக்குதான். விண்டோஸில் வரும் புதிய அவுட்லுக்கில் வேறொரு நிறுவனத்தின் ஐமேப் கணக்கைச் சேர்த்தால், அந்தக் கடிதங்களின் ஒரு படி மைக்ரோசாஃப்டின் மேகத்துக்கும் போகிறது. இரண்டு கணினியை ஒத்திசைக்கத்தான் நாம் கேட்டோம். மூன்றாவது ஓரிடம் இடையில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணினியில் இருக்கும் படி முழுப் படிதானா என்பதும் சந்தேகம். வேகத்துக்காகக் கடைசி ஓராண்டுக் கடிதங்களை மட்டும் இறக்கிவைக்கும் ஏற்பாடு அவுட்லுக்கில் உண்டு. அதைப் பார்த்து எல்லாம் இருக்கிறது என்று நினைத்துக் கணக்கை மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் பிறகும் நான் ஐமேப்பைத்தான் பயன்படுத்துகிறேன். 2012இல் எங்கள் ஊரில் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தபோது, லேப்டாப் பேட்டரியில் பதில்கள் எழுதிவைத்து, மின்சாரம் வந்ததும் அவை தாமாகப் போய், படித்தவை கைப்பேசியிலும் படித்தவையாக மாறிய சுகத்தை நான் மறக்கவில்லை. தொடர்பு விட்டுவிட்டு வரும் இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இன்றும் இல்லை. நிகழ்காலத்தை நிர்வகிக்க அது போதும். சேர்த்துவைக்கும் வேலையை மட்டும் அதனிடம் கொடுப்பதில்லை. அதற்கு எம்பிசிங்கை ஒரு திசையில் மட்டும் ஓட்டுகிறேன்: புதியவற்றைக் கொண்டுவா, குறிகளைக் கொண்டுவா, அழிப்பைக் கொண்டுவராதே. வந்தவை மெயில்டிரில், ஒரு கடிதம் ஒரு கோப்பாக, எந்த நிறுவனத்தின் மென்பொருளும் இல்லாமல் படிக்கக்கூடிய எழுத்தாக இருக்கின்றன. சர்வரில் நான் வேண்டுமென்றே அழித்த குப்பைகளும் இதில் சேர்ந்துவிடுகின்றன என்பது உண்மை. பெட்டி பெருக்கிறது. சிலவற்றை உண்மையாகவே அழிக்க விரும்பினால் இரண்டு இடத்தில் தேடி அழிக்க வேண்டும். ரகசியம் காக்க வேண்டியவர்களுக்கு இது சிறிய சங்கடம் அல்ல. மாதம் ஒருமுறை இதை இன்னொரு வட்டுக்குப் படியெடுத்து, வட்டைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுகிறேன். ஒரு மாதம் பின்தங்கியே இருக்கட்டும் என்றுதான்.

போன ஆண்டு இந்தப் பழைய கடிதங்களை ஒழுங்கு செய்யும்போது 2005இல் வந்த ஒன்று கண்ணில் பட்டது. நாஞ்சில் நாட்டைச் சேர்ந்த ஒரு முதியவர். என் கட்டுரை ஒன்றில் ஒரு வட்டாரச் சொல்லுக்கு நான் கொடுத்திருந்த பொருள் தவறு என்று சொல்லி, தம் பாட்டி அதை எப்படிப் பயன்படுத்துவார் என்று மூன்று பத்தி எழுதி, சரியென்று படுகிறதா என்று கேட்டிருந்தார். டிஸ்கியில் இருந்த அதை மாற்றிப் படித்தேன். அவுட்லுக் எக்ஸ்பிரஸிலிருந்து தனித்தனிக் கோப்புகளாக வெளியே இழுத்துவைத்த கடிதங்களில் ஒன்று அது. அப்படி இழுக்கும்போது பதில் எழுதியது என்ற குறி கூட வராது என்று அன்று எனக்குத் தெரியாது. எழுதியிருந்தால் அந்தப் பதில் அப்போது நான் வேலை பார்த்த இடத்தின் கணினியில் இருந்திருக்கும். அந்தக் கணினி எப்போதோ எடைக்குப் போய்விட்டது. பெரியவர் 2007இல் காலமாகிவிட்டார் என்று விசாரித்ததில் தெரிந்தது. அவர் கடிதம் ஒரு எழுத்து சிதையாமல் என்னிடம் இருக்கிறது. பதில் எழுதினேனா என்பது மட்டும் தெரியவில்லை.